ஆலைவாசலில் உருவான அரசியல்: வ. சுப்பையாவும் புதுச்சேரித் தொழிலாளரும்

கேள்வி

புதுச்சேரி கடலூர் சாலையில், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிற்சங்கங்கள் ஊர்வலமாக வந்து மாலை வைக்கின்றன. அந்தப் போராட்டத்தை நடத்தியவர் வ. சுப்பையா (1911–1993). ஊரில் அவரை ‘மக்கள் தலைவர்’ என்றே சொல்வார்கள். புகைவண்டி நிலையம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். பிரெஞ்சு மேலவையில் உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர், அமைச்சர் என்று பல பொறுப்புகளை வகித்தவர். ஆனாலும் ஆட்சித் தலைமை அவர் கைக்கு ஒருபோதும் வரவில்லை. பிரிட்டிஷ் இந்தியத் தொழிலாளர் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எட்டு மணி நேர வேலைநாளைச் சட்டமாகப் பெற்ற ஓர் ஊரில், அதைப் பெற்றுத்தந்த இயக்கம் ஏன் கடைசியில் சிறிய கட்சியாகவே நின்றது? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. கம்யூனிஸ்டுகள் இந்தியாவோடு இணைவது பற்றிய பிரச்சினையில் தடுமாறினார்கள், அதற்கான விலையைக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவு பெற்ற எதுவார் குபேரின் பணபலமும் அடியாள் பலமும் அவர்களை ஒடுக்கின என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஆலை என்ற அமைப்பையும் தொகுதி என்ற அமைப்பையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்காதவரை விடை முழுமை பெறாது என்பது என் முடிவு.

இருக்கிற வரலாறுகள்

பிரெஞ்சிந்திய விடுதலை பற்றிய எழுத்தில் பெரும்பகுதி 1947 முதல் 1954 வரையிலான ஏழு ஆண்டுகளையே சுற்றி வருகிறது. அஜித் நியோகியின் ஆய்வு தில்லிக்கும் பாரிசுக்கும் இடையிலான பேச்சுவார்த்தைகளை நுணுக்கமாகப் பின்தொடர்கிறது. ஜெசிகா நமக்கல் எழுதிய அண்மைக்கால நூல், இணைப்பை ஒரு தேசத்தின் இயல்பான நிறைவாகப் பார்க்கும் பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறது. அரசுகளும் எல்லைகளும் குடியுரிமையும் முன்னே நிற்கும் இவ்வகை ஆய்வுகளில் ஆலைத் தொழிலாளர் பெரும்பாலும் பின்னணிக் கூட்டமாகவே வந்துபோகிறார்கள்.

மறுபுறம் சுப்பையா எழுதிய தன்வரலாறு இருக்கிறது. 1990இல் ஆங்கிலத்தில் வந்த அந்நூல் இத்துறையில் தவிர்க்க முடியாத சான்று. ஆனால் நிகழ்ச்சிகள் நடந்து அரை நூற்றாண்டு கழித்து, கட்சியின் முதுபெரும் தலைவராக இருந்து எழுதப்பட்டது அது. அங்கே எல்லாப் பாதைகளும் 1954ஐ நோக்கி நேராகச் செல்கின்றன. வேலைநிறுத்தம் விடுதலைப் போரின் முன்னுரையாகிவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்காக ஆலையை நிறுத்திய நெசவாளி, தன்னை விடுதலைப் போராளி என்று கருதினாரா? இந்தக் கேள்விக்கு அந்நூலில் இடமில்லை. இருவகை எழுத்தையும் படிக்கும்போது இந்த இடைவெளியை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓட்டு இருந்த ஊரில் சங்கம் இல்லை

பிரெஞ்சிந்தியாவின் அரசியல் அமைப்பு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. 1871 முதல் புதுச்சேரி, பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தன் பிரதிநிதியை அனுப்பிவந்தது. வயதுவந்த ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுக் கொடுத்த காலத்தில், முதலியார்பேட்டைத் தறிக்காரருக்குச் சட்டப்படி ஓட்டு இருந்தது.

ஆனால் அந்த ஓட்டின் மதிப்பு என்ன? ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல். ஊர்ப் பெரிய மனிதர்களின் கட்சிகள், வாக்குச்சாவடியைக் கைப்பற்றும் அடியாட்கள், எண்ணிக்கையில் தில்லுமுல்லு. அந்தக் காலத் தேர்தல்களைப் பற்றிப் பிரெஞ்சு அதிகாரிகளே முகம் சுளித்திருக்கிறார்கள். அதே வேளையில் பிரான்சில் 1884 முதல் தொழிற்சங்கம் அமைக்க இருந்த உரிமை குடியேற்ற நாட்டுத் தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. ஓட்டு இருந்தது, சங்கம் இல்லை. சுப்பையாவின் அரசியலைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான தொடக்கப்புள்ளி என்று கருதுகிறேன். ஓட்டு காகிதத்தில் இருந்தும் பயன்படாத ஊரில், உரிமை என்பது வேறொரு வாசல் வழியாக வர வேண்டியிருந்தது. அந்த வாசல் ஆலையின் வாசல்.

ஆலைகளும் சாதாரணமானவை அல்ல. 1820களின் இறுதியில் தொடங்கப்பட்ட சவானா மில் (பிற்காலச் சுதேசி மில்), கெப்ளே மில் (பிற்காலப் பாரதி மில்), 1898இல் தொடங்கி ‘ரோடியர் மில்’ என்று ஊரார் அழைத்த ஆங்கிலோ–பிரெஞ்சு ஆலை ஆகிய மூன்றும் ஊரின் பொருளாதாரத்தைத் தாங்கின. இங்கே நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே பிசின் வணிகத்தில் அது பணமாகவே புழங்கியது. ஆப்பிரிக்காவின் ஒரு சந்தைக்காகத் தமிழ்த் தொழிலாளி பிரெஞ்சு முதலாளியிடம் வேலை செய்தார். விடியலில் சங்கு ஊதினால் உள்ளே போவது, இருட்டியபின் வெளியே வருவது, பெண்களும் சிறுவர்களும் அதே கூடத்தில். வேலைநேரத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம் எதுவும் அவர்களுக்குத் துணையாக இல்லை.

சுப்பையா இந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர் அல்லர். பெத்தி செமினேர் பள்ளியிலும் கல்வே கல்லூரியிலும் படித்தவர். அவருடைய பொதுவாழ்வு தீண்டாமை எதிர்ப்பில் தொடங்கியது. 1933இல் அரிசன சேவா சங்கப் பணி, 1934 பிப்ரவரி 17 அன்று காந்தியின் புதுச்சேரி வருகை, அதே ஆண்டு ஜூனில் ‘சுதந்திரம்’ இதழ் என்று அடுத்தடுத்து நடந்தன. சென்னையில் அமீர் ஹைதர் கான், எஸ். வி. காட்டே போன்ற கம்யூனிஸ்டுகளின் தொடர்பு ஏற்பட்டதும் இக்காலத்தில்தான். பிறப்பால் தொழிலாளர் வர்க்கத்தைச் சேராத ஒருவரைத் தொழிலாளர் அரசியல்வாதி என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொழிலாளர் யாரைத் தமக்காகப் பேச அனுப்பினார்களோ அவரே அந்தப் பெயருக்கு உரியவர். 1935 முதல் சவானா, ரோடியர், கெப்ளே தொழிலாளர் அனுப்பியது சுப்பையாவைத்தான். சேரியில் தொடங்கிய பணி ஆலைக்குள் செல்ல அவருக்கு வழிவகுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலையில் இருந்தவர்களில் ஏராளமானோர் அந்தச் சேரிகளிலிருந்து வந்தவர்கள்.

1936 ஜூலை 30

1935இல் சவானாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. வேலைநேரக் குறைப்பு, கூலி உயர்வு, சங்க உரிமை ஆகியவை கோரிக்கைகள். சில சலுகைகள் கிடைத்தன. சட்ட உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

1936 ஜூன் 4 அன்று பாரிசில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவி ஏற்றது. அதற்குச் சற்று முன்பிருந்தே பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளுக்குள் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்துவந்தார்கள். ஜூன் முதல் வாரத்தின் முடிவில் முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே மாத்தினியோன் உடன்படிக்கை, ஜூன் 21 அன்று வாரம் நாற்பது மணி நேரச் சட்டம். அந்தச் செய்தி கப்பலிலும் தந்தியிலும் புதுச்சேரிக்கு வந்தது. ‘பாரிசில் கொடுத்ததை இங்கே ஏன் கொடுக்கக் கூடாது?’ என்று முதலியார்பேட்டைத் தொழிலாளர் கேட்டது மிக இயல்பான கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத் துப்பாக்கி வந்தது. ஜூலை 30 அன்று சவானா ஆலையில் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அப்போது புதுச்சேரி ஆளுநர் சொலோமியாக். பாரிசில் ஆட்சியில் இருந்ததோ தொழிலாளர் வாக்கில் வென்ற, சோசலிஸ்டு பிரதமரின் தலைமையிலான அரசு. அந்த அரசு பதவி ஏற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பாரிசில் ஆலையை ஆக்கிரமித்தவர்களோடு பேச்சு நடத்தியது அரசு. அதே கொடியின் கீழ் புதுச்சேரியில் ஆலையை நிறுத்தியவர்கள் சுடப்பட்டார்கள். குடியேற்ற ஆட்சி என்றால் என்ன என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் நிகழ்ச்சி பிரெஞ்சிந்திய வரலாற்றில் இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கும் எதையும் இறந்தவர்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வெளிச்சத்தில் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

இறந்தவர்களின் பெயரால் இந்தியாவில் எழுந்த கண்டனம் பாரிசையும் எட்டியது. அக்டோபரில் நேரு புதுச்சேரி வந்தார். சொலோமியாக்குக்குப் பின் குரோசிக்கியா ஆளுநரானார். 1937இல் சுப்பையா பாரிஸ் சென்று குடியேற்றங்களுக்கான அமைச்சகத்தினரிடமும் இடதுசாரித் தலைவர்களிடமும் வழக்கை நேரடியாக எடுத்துரைத்தார். 1937 ஏப்ரல் 6 தேதியிட்ட அரசாணை எட்டு மணி நேர வேலைநாளையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் பிரெஞ்சிந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

‘ஆசியாவிலேயே முதல்’ என்ற கூற்று

எட்டு மணி நேர வேலை ஆசியாவிலேயே முதன்முதலில் சட்டமானது புதுச்சேரியில்தான் என்று மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. இந்தக் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. சோவியத் ரஷ்யா 1917இலேயே எட்டு மணி நேரத்தை ஆணையாக்கியது. அதன் ஒரு பகுதி ஆசியாவில்தான் இருக்கிறது. பிரெஞ்சு இந்தோசீனத்திலும் 1936இன் இறுதியில் வந்த ஆணைகள் வேலைநாளைப் பத்து மணி, ஒன்பது மணி என்று படிப்படியாகக் குறைத்து, 1938 ஜனவரியிலிருந்து எட்டு மணி என்று வரையறுத்தன. ஆணை பிறந்த நாளை வைத்தால் இந்தோசீனம் முந்தி நிற்கிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டால் புதுச்சேரியின் சாதனை சிறுத்துவிடாது, அதன் சூழலே நமக்குத் தெளிவாகிறது. இந்தோசீனத்திலும் புதுச்சேரியிலும் ஒரே சமயத்தில் சட்டம் வந்ததற்கு மக்கள் முன்னணி அரசு ஒரு காரணம், அந்த அரசை நெருக்கிய வேலைநிறுத்தங்கள் இன்னொரு காரணம். இந்தோசீனத்திலும் 1936இல் வேலைநிறுத்த அலை எழுந்தது. எனவே ‘பாரிசின் கருணை’ என்று காலனிய ஆவணம் சொல்வதும், ‘நம் தியாகத்தால் மட்டும்’ என்று மேடை சொல்வதும் பாதி உண்மைகள். பாரிசில் கதவு திறந்திருந்த குறுகிய காலத்தில், அதை விடாமல் தட்டும் அமைப்பு புதுச்சேரியில் தயாராக இருந்தது. சுப்பையாவின் திறமை அங்கேதான். 1938இல் மக்கள் முன்னணி சிதைந்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் அந்த அரசாணை வந்திருக்குமா என்பது ஐயம்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி நேரத்தை அனுமதித்தது. 1946ஆம் ஆண்டுத் திருத்தம் வந்துதான் அது வாரம் 48 மணியானது. எல்லைக்கு அப்பால் கடலூர்ப் பக்கத்துத் தொழிலாளிக்கும் இந்தப் பக்கத்துத் தொழிலாளிக்கும் இடையே சட்டப்படி ஒன்பது ஆண்டு இடைவெளி இருந்தது. மேடைப் பேச்சில் ‘ஆசியாவிலேயே’ என்பதற்குப் பதில் இந்த ஒப்பீட்டைச் சொன்னால் அது இன்னும் வலுவாக நிற்கும்.

செனட்டர், தலைமறைவு, எதிர்க்கட்சித் தலைவர்

இதன்பின் சுப்பையாவின் வாழ்க்கை பிரெஞ்சு ஆட்சியாலும் பிரிட்டிஷ் ஆட்சியாலும் மாறி மாறிச் சிறைப்படுவதும் வெளியேற்றப்படுவதுமாகப் போகிறது. போர்க்காலத்தில் பாசிச எதிர்ப்பு அடிப்படையில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் ‘கொம்பா’ குழுவோடு சேர்ந்து செயல்பட்டார். 1946இல் அவருடைய தேசிய ஜனநாயக முன்னணி நகராட்சிகளிலும் பிரதிநிதிகள் சபையிலும் பெரும் வெற்றி பெற்றது. 1947 ஜனவரி 26 அன்று அவர் பிரெஞ்சு மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிலாளர் இயக்கம் ஆட்சித் தலைமையை நெருங்கி வந்த தருணம் அது ஒன்றே.

அடுத்த ஆண்டே அது கைநழுவியது. எதுவார் குபேர் 1947இல் தொடங்கிய பிரெஞ்சிந்திய சோசலிஸ்டு கட்சி, பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவோடு 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலைக் கைப்பற்றியது. மிரட்டலும் மோசடியும் நிறைந்த தேர்தல் என்று அது அப்போதே கண்டிக்கப்பட்டது. ஆனால் பழியை முழுவதும் குபேர்மீது போட்டு நகர்ந்துவிட முடியாது. 1948 தொடக்கத்தில் கல்கத்தா மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி நேரு அரசை எதிர்த்துப் போராடும் நிலைப்பாட்டை எடுத்தது. இந்தியாவில் கட்சித் தொண்டர்கள் வேட்டையாடப்பட்ட வேளையில், அந்த இந்தியாவோடு உடனே இணைய வேண்டும் என்று புதுச்சேரிக் கம்யூனிஸ்டுகள் உரத்துச் சொல்லத் தயங்கினார்கள். அவர்களுடைய நிலையில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் சுதந்திர வேகம் உச்சத்தில் இருந்த மக்களுக்கு அது புரியவில்லை. தங்களைத் தேசியவாதிகள் என்று காட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் காங்கிரசுக்கும், கடைசியில் குபேருக்குமே விட்டுக்கொடுத்தார்கள். இதைத் தவறான கணிப்பு என்றே நான் மதிப்பிடுகிறேன்.

1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடும் கட்சி அலுவலகமும் கொளுத்தப்பட்டன. அவர் தலைமறைவானார். அவருடைய மனைவி சரசுவதி சுப்பையாவும் முழுநேர அரசியலில் இருந்தவர். அந்தக் காலத்தின் துன்பத்தை இருவரும் சேர்ந்தே சுமந்தார்கள். பிற்பாடு கட்சி இணைப்பைத் தெளிவாக ஆதரித்துப் போராடியது. ஆனால் 1954 மார்ச்சு இறுதியில் குபேர் பக்கம் மாறி நெட்டப்பாக்கத்திலிருந்து இணைப்பை அறிவித்ததும், அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக இருந்தவர் விடுதலையின் முகமாகிவிட்டார். 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய நாளில் சுப்பையா ஊருக்குள் வந்தபோது அவரை வரவேற்கத் திரண்டவர்களில் ஆலைத் தொழிலாளரே மிகுதி. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அவர் எதிர்க்கட்சித் தலைவர். 1963இல் முதலமைச்சரானவர் குபேர்.

மூன்று இடங்கள்

1969 தேர்தல் முடிவு என் வாதத்துக்கு முக்கியமான சான்று. மொத்தம் 30 இடங்களில் தி.மு.க. 15, காங்கிரஸ் 10, இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி 3. பாரூக் மரைக்காயர் தலைமையில் அமைந்த கூட்டணி அமைச்சரவையில் சுப்பையா அமைச்சரானார்.

ஏன் மூன்று? ஆலைத் தொழிலாளர் முதலியார்பேட்டை, உருளையன்பேட்டை, நெல்லித்தோப்பு என்று ஆலையைச் சுற்றி அடர்ந்து வாழ்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே வாசலில் கூடியது சங்கத்துக்குப் பெரும் பலம். வேலைநிறுத்தம் என்று முடிவானால் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுதும் அடங்கும். தேர்தலிலோ அதே அடர்த்தி பலவீனமாக மாறியது. காரைக்கால், மாகி, ஏனாம், பாகூர், வில்லியனூர் என்று சிதறிய சின்னஞ்சிறு தொகுதிகளில் சில ஆயிரம் ஓட்டுகளே வெற்றியைத் தீர்மானிக்கும். அங்கே நிலம் வைத்திருப்பவர், பழைய ‘மேர்’ (நகராட்சித் தலைவர்) குடும்பம், சாதித் தலைவர் ஆகியோரின் நேரடிச் செல்வாக்கே எடுபடும். பிரெஞ்சுக் காலத்துக் கொம்யூன் (நகராட்சி) அரசியல், கொடி மாறியும் தன் ஆட்களோடு தொடர்ந்தது. ஒரு கட்சியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது அங்கே வழக்கமாக இருந்ததற்கும் காரணம் இதுதான். விசுவாசம் ஆளுக்கு, கட்சிக்கு அன்று. சங்கம் சார்ந்த அரசியலுக்கு அந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை. தி.மு.க. மொழி, மாநில உணர்வு என்ற பரந்த அடையாளத்தோடு வந்து அந்த இடைவெளியை நிரப்பியது.

எனவே சுப்பையாவின் தோல்வி என்று சொல்லப்படுவதைத் தனிமனிதத் தவறுகளால் மட்டும் விளக்க முடியாது. ஆலை அவருக்குத் தந்த படை, தேர்தல் வரைபடத்தின்மேல் மூன்று புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது.

மேட்டுப்பாளையம்

அந்தப் படையைத் தந்த மூன்று ஆலைகளும் இன்று இல்லை. 1986இல் அரசு ஏற்ற ரோடியர் மில், 2011 இறுதியில் தானே புயலில் அடிபட்டது. 2020இல் அரசே அதை மூடியது. சுதேசி, பாரதி மில்களும் ஓடவில்லை. புதுச்சேரியின் தொழில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு இடம்பெயர்ந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

வழுதாவூர்ச் சாலைப் பக்கம் மேட்டுப்பாளையத்தில் ஷிப்டு மாறும் வேளையைக் கவனித்தால் வேறுபாடு உடனே விளங்கும். ஒரு பெரிய வாசலுக்குப் பதில் தெருத்தெருவாகச் சிறு கேட்டுகள். பிளாஸ்டிக், மருந்து, இரும்பு, உணவுப்பொருள் என்று பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகள், லாரி முனையத்தில் வரிசையாக நிற்கும் சரக்கு வண்டிகள். ஒவ்வொரு கேட்டிலும் சில பத்துப் பேர். கழுத்தில் தொங்கும் அட்டையில் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கும். பைக்கிலும் கம்பெனி வேனிலும் வந்திறங்குபவர்களில் ஒரு பகுதியினர் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமத்தவர்கள். வடமாநிலத் தொழிலாளரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஓட்டு இந்த ஊரில் இல்லை. 1936இல் ஓட்டு இருந்தது, சங்கம் இல்லை. இன்று சங்கம் அமைக்க உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் உழைக்கும் இடத்தில் ஓட்டு இல்லை.

2023 ஏப்ரலில் அண்டைத் தமிழ்நாட்டின் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. அந்த எதிர்ப்பை எழுப்பியவை தொழிற்சங்கங்களும் கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகளும். எட்டு மணி நேரம் என்பது முடிந்துபோன வரலாறு அன்று என்பதற்கு அது சான்று. அதே எதிர்ப்பை மேட்டுப்பாளையத்தின் சிறு கேட்டுகளிலிருந்து எழுப்ப யார் இருக்கிறார்கள், எந்த அமைப்பு அவர்களை ஒரே இடத்தில் கூட்டும் என்பதுதான் சுப்பையாவின் வாழ்க்கை இன்று எழுப்பும் நேரடியான கேள்வி.

இதற்கான ஆய்வு இரண்டு இடங்களில் நடக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கும் எய்க்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தில் 1935–37 காலத்து வேலைநிறுத்தக் கோப்புகளைத் தமிழ் அறிந்த ஆய்வாளர் படிக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, ரோடியர், சுதேசி, பாரதி மில்களில் கடைசியாக வேலை பார்த்து நிலுவைக்காக அலையும் முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும். சங்கக் கூட்டம் எங்கே கூடியது, சந்தா யார் வசூலித்தது, வேலைநிறுத்த நாட்களில் எந்தக் கடை அரிசியைக் கடனுக்குக் கொடுத்தது என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன.